மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஒன்பதேகால் மணி

ஆகாய விமானத்தில் ஏறுகிறவர்கள் நாட்டில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே போய் இறங்கும் என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஊருக்கு ஒருவராவது இருப்பார். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர். இவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஜோசியர் என்று சொல்லலாம்தான். ஆனால் ஜோசியர் தட்சணை வாங்குவார், சொன்னது பலிக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழியைப் போடுவார். இவர்கள் தட்சணை வாங்குவதில்லை. பலிக்காவிட்டால் பயணம் போன ஆள் மேல் பழியைப் போடுவார்கள். ஆகையால் ‘நேரஞ்சொல்லி’ என்று வைத்துக்கொள்வோம்.

நேரஞ்சொல்லியை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேச்சுவாக்கில் ஒரு வெளியூர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். “என் மச்சினன் டில்லியில இருக்கான்” என்கிறீர்கள். சாதாரண மனிதர் என்றால் மச்சினன் சௌக்கியமா, என்ன உத்தியோகம், எத்தனை குழந்தை என்று கேட்பார். நேரஞ்சொல்லி கேட்க மாட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொள்வார், உத்தரத்தைப் பார்ப்பார், உதடு முணுமுணுக்கும், “ஆயிரத்துத் தொண்ணூறு மைல். ரெண்டு மணி நேரம்” என்று தீர்ப்புச் சொல்வார். உங்கள் மச்சினன் கதையை நீங்கள் ஆரம்பிப்பதற்குள் அவர் டில்லிக்குப் போய்த் திரும்பியும் வந்திருப்பார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இப்படி ஒருவர் இருந்தார். பெயர் வீரபத்திரன். வயது ஐம்பத்திரண்டு. வீட்டோடு ஒரு தறி; அவர் நெய்ய, மனைவி அங்கம்மாள் நூல் சுற்றிக் கொடுப்பாள். தொழிலில் மகா கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். உடலும் கரையும் சேருகிற இடத்தில் அவர் போடுகிற கோர்வையை நகத்தால் சுரண்டினாலும் பிரிக்க முடியாது. ஆனால் தெரு அவரைக் கொண்டாடியது அதற்காக அல்ல. அவர் வாயில் ஒன்பது நாட்டுத் தலைநகரங்களும் அவற்றுக்குண்டான மைல்களும் இருந்தன, அதற்காகத்தான்.

வீரபத்திரன் விமானத்தில் போனவரா? நல்ல கேள்வி. அவர் ஆயுளில் போன தூரப் பயணம் பட்டணம், நாற்பத்தைந்து மைல், பஸ்ஸில். ஒரு முறை யாருக்கோ மாலை போடப் போகிற கும்பலோடு மீனம்பாக்கம் போய், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, விமானத்தின் வாலைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். மற்றபடி அவருடைய விஞ்ஞானம் முழுவதும் ஒரு பழைய பள்ளிக்கூட அட்லஸிலும் ஒரு முழம் பட்டு இழையிலும் அடங்கியிருந்தது. இழையின் ஒரு நுனியைச் சென்னை மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். மறு நுனியை விறைப்பாக இழுத்து ரோமாபுரியோ சிங்கப்பூரோ எதுவோ அதன் மேல் வைப்பார். அப்படியே தூக்கிக்கொண்டு போய் அட்லஸின் மூலையில் இருக்கும் மைல் கோட்டில் வைத்து அளப்பார். வந்த மைலை ஐந்நூற்றைம்பதால் வகுப்பார். ஏன் ஐந்நூற்றைம்பது? ஜெட் விமானம் மணிக்கு அவ்வளவு போகும் என்று எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். பூமி உருண்டையாயிற்றே, அட்லஸ் தட்டையாயிற்றே என்று தெருவில் ஒரு காலேஜ் பையன் கேட்டதற்கு, “தறிக்காரன் இழை பொய் சொல்லாதுபா” என்று ஒரே வாக்கியத்தில் விஞ்ஞானத்தை முடித்து வைத்தார். அரசாங்கம் கிலோமீட்டருக்கு மாறி வெகு காலம் ஆகியிருந்தது. வீரபத்திரன் மாறவில்லை.

கைலாசநாதர் கோயிலைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் அப்படியே தறியையும் பார்க்க வருவார்கள். அவர்கள் ஜரிகையைத் தொட்டுப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போது வீரபத்திரன் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கி, “வாட் கன்ட்ரி? ஹவ் மெனி அவர்ஸ்?” என்பார். யாராவது, “அதையேன் கேட்கிறீர்கள், மூன்று நாள் படாத பாடு பட்டேன்” என்கிற அர்த்தத்தில் ஏதாவது சொன்னால், தலையை ஆட்டி மறுத்து, “நோ நோ. டென் அவர்ஸ்” என்று திருத்தி அனுப்புவார். பயணம் போனவனையே பயணத்தைப் பற்றித் திருத்துவது நேரஞ்சொல்லியின் பிறவிக் குணம்.

துக்க வீட்டில்கூட இந்தக் குணம் அவரை விட்டதில்லை. செத்துப்போனவரின் மகன் கல்கத்தாவிலிருந்து வரவேண்டும், அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், “ரயில்ல வந்தா ரெண்டு ராத்திரி. பிளேன்னா ஒண்ணரை மணி நேரம்பா” என்று செத்தவரின் காதிலும் விழும்படி சொன்னார்.

ஊரில் உண்மையாகவே விமானத்தில் போய் வருகிற ஆள் ஒருவர் உண்டு. ஆதிகேசவன் என்று பெயர். கண்காட்சிகளில் பட்டு விற்க வருஷத்துக்கு இரண்டு தரம் டில்லிக்குப் பறப்பவர். பாவம், அவர் ஒரு நாள் டீக்கடையில் வாய் தவறி, “டில்லி போய்ச் சேர ஒரு முழு நாள் ஆயிட்டுது” என்று சொல்லிவிட்டார். வீரபத்திரன் விடுவாரா?

“ஒரு நாளா? ரெண்டு மணி நேரம்தானே ஆவணும்?”

“பறக்கறது ரெண்டு மணி நேரம்தான். ஏறுறதுக்கு முன்னாடி ஆறு மணி நேரம் உக்கார வெச்சிட்டாங்கபா.”

“அது நீ உக்காந்த நேரம். அதைப் பிளேன் மேல போடாத. தூரம் இன்னா பண்ணும் பாவம்?”

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் வீரபத்திரன் பக்கம் சாய்ந்தார்கள். ஆதிகேசவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இதே வீரபத்திரனிடம் ஜவுளிக்கடைக்காரர், “சேலை எப்போ முடியும்?” என்று கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? ஒரு நாளைக்கு இத்தனை முழம், சேலை இத்தனை முழம், ஆக இத்தனை நாள் என்று வகுத்துச் சொல்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மூச். “பாவு பிணைக்கணும், ஜரிகை இன்னும் வரல, வானம் மூடிக்கினு இருக்குது, நடுவுல ஒரு அமாவாசை, ஒரு கார்த்திகை, பொஞ்சாதி ஊருக்குப் போறா… முடிஞ்சா சொல்லி அனுப்பறேன்” என்பார். தன் தறியில் தன் கையாலேயே ஓடுகிற நாடாவைப் பற்றி நாள் குறிக்கத் தயங்குகிற மனிதர், தான் பார்க்காத விமானத்துக்குக் கால் மணி சுத்தமாக நேரம் குறித்தார்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் வரைக்கும் இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அந்தத் தையில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி லண்டனுக்குக் கிளம்பினாள். அப்பா குப்புசாமி, அவரும் நெசவுதான். அம்மா நீலாம்பாள். ஒரே பெண். ஆவணியில் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். அங்கே ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. இப்போது டிக்கெட் வந்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறி, பம்பாயில் வேறு விமானம் மாறி, லண்டனில் இறங்க வேண்டும். தனியாக. அதற்கு முன் அந்தப் பெண் தனியாகப் போன தூரம் காமாட்சியம்மன் கோயில்.

நீலாம்பாள் ஒரு வாரமாக அழுதுகொண்டே சமைத்துக்கொண்டிருந்தாள். மிளகும் சுக்கும் போட்டு மூங்கில் கூடையில் அவித்த குடலை இட்லி, புளியோதரை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் என்று ஒரு டிரங்குப் பெட்டிக்கே போதுமான அளவு பலகாரம் கூடத்தில் அடுக்கியிருந்தது. மூன்று நாளைக்குத் தாங்கும். புதன்கிழமை வழியனுப்பு வார்த்தை சொல்ல வந்த வீரபத்திரன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாம்மா இது? பொண்ணு கப்பல்லயா போகுது?”

“எம்மாம் தூரம்ண்ணா! கடலைத் தாண்டிப் போறா. வழியில பசிச்சா யாரைக் கேப்பா?” நீலாம்பாளுக்கு மறுபடியும் கண் நிறைந்துவிட்டது.

“தூரமா? ஐயாயிரத்து நூறு மைல். ஒன்பதேகால் மணி நேரம். தோ… இங்க ஏறினா அங்க இறங்கறா.”

நீலாம்பாள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். “ஒன்பதேகால் மணியா? திருப்பதிக்குப் போயி சாமி பாத்துக்கினு வர்றதுக்கே ஒரு நாள் ஆகுதேண்ணா!”

“அதான் சொல்றேன். லண்டன் திருப்பதியவிடக் கிட்ட.”

ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த வீரபத்திரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாருங்கள், நேரஞ்சொல்லிகளின் பெரிய பலமே இதுதான். பயந்து நிற்பவர்களுக்கு ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் பயம் பாதி இறங்கிவிடுகிறது. உச்சி குளிர்ந்த மனிதர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ராத்திரி ஒரு வேளைக்குக் கட்டிக் குடு, போதும். விடிஞ்சா புருஷன் வீட்டுல காபி. இந்த மூட்டையெல்லாம் கொண்டுபோனா கனம் ஜாஸ்தின்னு ஏத்த மாட்டேன்னுடுவான்” என்றார். அவரைப் பெரியப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்த கிருஷ்ணவேணியும், “பெரியப்பா சொல்றது சரிம்மா” என்றாள். நீலாம்பாள் ஒரே ஒரு பொட்டலம் புளியோதரையை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் உள்ளே எடுத்துப் போனாள்.

அப்புறம்தான் அவள் விஷயத்துக்கு வந்தாள். உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான்: வீட்டிலிருந்து ஒருவர் தூரப் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிற வரைக்கும் வீடு பெருக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. போகிறவரைப் பெருக்கித் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும் என்பார்கள். வாலாஜாபாத்துக்குப் போகிறவர் விஷயத்தில் இதில் சிக்கல் இல்லை. மத்தியானத்துக்குள் போய்விடுவார், சாயங்காலம் பெருக்கிக்கொள்ளலாம். லண்டனுக்குப் போகிறவள் விஷயத்தில்? அதுவும் மறுநாள் தை வெள்ளிக்கிழமை. தை வெள்ளியில் வீடு பெருக்கி மெழுகாமல், தலைக்குக் குளிக்காமல், காமாட்சிக்கு எப்படி விளக்குப் போடுவது? மகள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதானே அந்த விளக்கே!

“நீங்களே கணக்காச் சொல்லுங்கண்ணா. வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்குப் பெருக்கலாம்?”

தெருப் பெண்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். வீரபத்திரனை அதுவரை யாரும் இவ்வளவு முக்கியமான கேள்வி கேட்டதில்லை. கண்ணைப் பாதி மூடினார். உத்தரத்தைப் பார்த்தார். ஐந்தும் ஒன்பதேகாலும் பதினாலேகால், அதாவது விடியற்காலை இரண்டேகால். பம்பாயில் இறங்கி ஏறுவதற்கு? பம்பாய் போகிற வழியில்தான் இருக்கிறது. ஒரு முக்கால் மணி போடுவோம். மூன்று மணி.

“மூணு மணிக்கு லண்டன்ல காலை வெச்சிடும். நீ நல்லாத் தூங்கி எழுந்து, ஆறு மணிக்குத் தாராளமாப் பெருக்கு.”

வியாழக்கிழமை காலை கார் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் அதில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தபடியால் பெண்ணும் அப்பாவும் மட்டும்தான் நுழைய முடிந்தது. பெற்றவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளி காலை ஆறு மணிக்கு, சொன்னால் சொன்னபடி, நீலாம்பாள் துடைப்பத்தை எடுத்தாள். தறிக்கு அடியில் விழுந்திருந்த பட்டுப் பிசிறு முதல் கொல்லைப்படி வரைக்கும் கூட்டினாள், மெழுகினாள், தலைக்குக் குளித்தாள், ஈரக் கூந்தலில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு காமாட்சியம்மன் சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். வீரபத்திரன் தன் வாசலில் நின்று, “இப்போ காபி குடிச்சிக்கினு இருக்கும்” என்று அறிவித்தார்.

பதினோரு மணிக்குக் குப்புசாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். இரவு பட்டணத்திலேயே ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“நல்லபடியா ஏத்திவிட்டீங்களா?” என்றாள் நீலாம்பாள்.

“ஏத்தினோம். அஞ்சு மணி பிளேன் ஒன்பது மணிக்குத்தான் கிளம்பிச்சு. காலையில பிளேன் ஆபீசுல போய்க் கேட்டேன். பம்பாய்ல ராத்திரி பிளேன் தவறிப்போச்சாம். இன்னிக்கு மத்தியானம்தான் அடுத்ததுன்னு சொல்லிட்டாங்க. இப்போ அங்கதான் உக்காந்துக்கினு இருப்பா.”

நீலாம்பாள் கூடத்தைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை. வீரபத்திரன் அந்த நேரம் பார்த்து, லண்டன் சேதி கேட்க உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்; பம்பாய்ச் சேதி காதில் விழுந்தது.

அவள் அழுவாள், அல்லது இரண்டு வார்த்தை கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குப்பைக்குழியில் காலையில் கொட்டிய குப்பையைக் கையாலேயே அள்ளினாள். கொண்டுவந்து வீட்டுக்குள் இறைத்தாள். சும்மா இறைக்கவில்லை, பட்டுப் பிசிறைப் பொறுக்கித் தறிக்கு அடியில் போட்டாள், புளியங்கோதைச் சமையலறையில் போட்டாள், மகளின் தலைமுடிச் சிக்கு ஒன்று வந்தது, அதைக் கண்ணாடி மாட்டிய சுவருக்குக் கீழே வைத்தாள். எது எங்கே கிடந்ததோ அது அங்கே. பெருக்கினதைப் பெருக்காததாக ஆக்கிவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கு ஊற்றிய தண்ணீரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்து வீரபத்திரனைப் பார்த்துக் கேட்டாள். “இப்போ சொல்லுங்கண்ணா. எப்போ போய்ச் சேருவா?”

பம்பாயிலிருந்து லண்டன் எத்தனை மைல் என்று அவருக்குத் தெரியும். வகுத்தால் என்ன வரும் என்பதும் தெரியும். கேள்வி முடியும் முன்பே விடை நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. ஆனால் காலடியில் அந்தக் குப்பை கிடந்தது.

“தெரியலம்மா” என்றார்.

வீரபத்திரன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் வீட்டுக்குப் போனார். அங்கே அங்கம்மாள் துடைப்பத்தைப் பரண் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்ற?”

“நீங்க சொன்ன மணியிலதானே அவ பெருக்கினா? அந்தப் பொண்ணு போய்ச் சேந்த சேதி வரட்டும். அது வரைக்கும் நம்ம வூட்லயும் தொடப்பம் எடுக்கறதில்ல.”

அன்று மத்தியானம் வீரபத்திரன் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். ஆதிகேசவன் வீட்டுக்குப் போனார். போய்த் தூணோரம் நின்று, “ஏம்பா, லண்டன் போய்ச் சேர எம்மாம் நேரம் ஆவும்?” என்று கேட்டார். ஆதிகேசவனுக்குக் கிடைத்த சந்தர்ப்பம் சாமானியமா?

“என்னையா கேக்கற? நீதான் எனக்குச் சொல்லித் தர்ற ஆளாச்சே!”

“சொல்லுபா.”

குரலில் இருந்த ஏதோ ஒன்று ஆதிகேசவனின் கேலியை நிறுத்திவிட்டது. “பிளேன் விஷயம் யாருக்குத் தெரியும்? மேகம், பனி, மிஷின் கோளாறு, எது வேணா வரும். போய்ச் சேந்தாத்தான் சேந்ததுன்னு அர்த்தம். அத்த விடு, சைவப் பொண்ணாச்சே, சாப்பாடு நிறையக் கட்டிக் குடுத்தீங்கல்ல? பிளேன்ல மாமிசம்தான் குடுப்பான். நான் எங்க போனாலும் ரெண்டு நாளைக்கு எடுத்துக்கினுதான் ஏறுவேன்.”

வீரபத்திரன் திரும்பி நடந்தார். நீலாம்பாள் வீட்டு அலமாரியில் குடலை இட்லி இருந்தது. புளியோதரைப் பொட்டலம் ஒன்றுதான் போயிருந்தது. அதை ஒன்றாக்கியவர் யார் என்று அவருக்கு மட்டும் இப்போது ஓயாமல் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றார். பொய், பசித்தது.

சனிக்கிழமை சேதி இல்லை. அங்கம்மாளைப் பார்த்து எதிர்வீட்டுப் பூவம்மாள் துடைப்பத்தை மூலையில் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. கிருஷ்ணவேணி தெருவில் எல்லோர் மடியிலும் வளர்ந்த பெண். தன் வீட்டுத் துடைப்பம் பட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒவ்வொருத்திக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீட்டிலும் பெருக்கவில்லை. வாசல் கூட்டாமல் கோலம் எப்படிப் போடுவது? கோலமும் இல்லை. பாவு பிணைக்க வந்த வெளித்தெரு ஆள் ஒருவன், தெருக்கோடியில் சைக்கிளை விட்டு இறங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “யார் வூட்டுல சாவு?” என்று கேட்டான்.

வாசலில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள் காதில் அது விழுந்துவிட்டது. வீரபத்திரன் ஓடிப்போய் அந்த ஆளின் வாயைப் பொத்தாத குறைதான். “சாவும் இல்ல ஒண்ணியும் இல்ல, போய்யா! இங்க ஒரு பொண்ணு லண்டனுக்குப் போயிருக்குது!” என்று கத்தினார். அந்த ஆளுக்கு எதுவும் விளங்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுச் சேதி என்றுதான் அர்த்தம். தந்திக்காரர் அனுபவசாலி, நான்கு வீடு தள்ளி வரும்போதே, “நல்ல சேதிதாம்மா! நல்ல சேதிதான்!” என்று கூவிக்கொண்டே வந்தார். கிருஷ்ணவேணி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுகமாக வந்து சேர்ந்தாள் என்று மாப்பிள்ளை அடித்திருந்தார்.

அப்புறம் அந்தத் தெருவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் துடைப்பம் எடுத்தார்கள். சில வீட்டில் நான்கு நாள் குப்பை. கிளம்பிய தூசியில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி தெரியவில்லை. பெண்கள் இருமிக்கொண்டே சிரித்தார்கள். வீரபத்திரன் தும்மிக்கொண்டே நின்று, யாரும் கேட்காமலே அங்கம்மாள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கித் தன் வாசலைத் தானே பெருக்கினார். ஆண்பிள்ளை துடைப்பம் பிடிப்பதைத் தெரு வேடிக்கை பார்த்தது.

இத்தோடு முடிந்திருந்தால் மனிதர் ஒரு மாதத்தில் பழையபடி ஆகியிருப்பார். ஆனால் பத்து நாள் கழித்து நீலக் காகிதத்தில் கடிதம் வந்தது. குப்புசாமி கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். நீலாம்பாள், அங்கம்மாள், பூவம்மாள், கதவோரமாக வீரபத்திரன். குப்புசாமி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். முன்னால் என்ன வருகிறது என்று கண்ணை ஓடவிட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்கிற வித்தை அவருக்குக் கிடையாது. வாய் படித்த பிறகுதான் மனசுக்கு எட்டும்.

“…பம்பாயில் ராத்திரி மூணு மணி ஆனதும், லண்டன் வந்திருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. லண்டனில் ஒரே பனியாம். விமானம் வேறு ஏதோ ஒரு தேசத்தில் இறங்கிவிட்டது. ஒரு ஓட்டலில் தங்க வைத்தார்கள். புளியோதரை பம்பாயிலேயே தீர்ந்துவிட்டது. அவர்கள் கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. ரெண்டு நாளும் ரொட்டியும் ஆப்பிளும்தான் சாப்பிட்டேன். ஒன்பதேகால் மணி என்று பெரியப்பா சொன்னதை நம்பி இட்லியை வைத்துவிட்டு வந்தோமே என்று நினைத்தேன். இதைப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம். பாவம், எனக்குப் பயம் போக வேண்டும் என்றுதான் சொன்னார். தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார்.”

படித்த பிறகுதான் குப்புசாமிக்கு எட்டியது. கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு தறியைப் பார்த்தார். யாரும் கதவோரம் திரும்பவில்லை.

வீரபத்திரனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக. ஆனால் வந்தது வேறு.

“பனி இல்லாமப் போயிருந்தா… ஒன்பதேகால்தாம்மா.”

நீலாம்பாள்தான் முதலில் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் எள்ளுருண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு உருண்டையும் எடுக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆக, இதுதான் நேரஞ்சொல்லி. திருந்த மாட்டார், திருத்தவும் முடியாது. உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்கிற எண்ணைக் கேட்டு ஆறுதல் அடையுங்கள்; சாப்பாட்டை மட்டும் உங்கள் இஷ்டப்படி கட்டுங்கள்.

நல்லவேளை, நீங்கள் அந்த ரகம் இல்லை. மைலும் தெரியாது, வகுக்கவும் மாட்டீர்கள். ஆனால் இன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கதவோரம் நின்றவளிடம், “தோ, பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்களே, அது எந்த அட்லஸில் அளந்தது? சொல்லி எவ்வளவு நேரம் ஆகிறது? எழுந்து போங்கள் ஐயா. அங்கே வாசலையே பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள்.